இரண்டு சுழி வால்

ஷாங் மாநகரத்தில் எலும்பிடம் யோசனை கேட்காமல் வாழ்கிற ஒரே மனிதன் தான்தான் என்று துவான் அறிவித்தான். சொல்லும்போது அவன் முகத்தில் சிரிப்பின் சுவடுகூட இல்லை. நாட்டுக்குச் செய்த பெரிய சேவை ஒன்றைப் பதிவு செய்கிறவன் போல, நடந்துகொண்டிருந்தவன் நின்று, மார்பை நிமிர்த்தி, ஹுவான் ஆற்றைப் பார்த்துச் சொன்னான்.

"நேத்தும் கேட்டதில்ல. இன்னிக்கும் கேக்கல. சாகுற வரைக்கும் கேக்க மாட்டேன். செத்த மாட்டுக்கும் செத்த ஆமைக்கும் என்ன தெரியும்? ஏதாவது தெரிஞ்சிருந்தா அதுங்க ஏன் செத்துது?"

"இதை எனக்குச் சொல்றீங்களா, ஆத்துக்குச் சொல்றீங்களா?" என்றாள் மியாவ்.

"ஊருக்குச் சொல்றேன்."

"ஊரு தூங்குது. கொஞ்சம் வேகமா நடங்க."

துவான் மன்னரின் நாய் அதிகாரி. வேட்டைக்கு முந்தின நாளே காட்டுக்குப் போய், எந்தப் புதரில் எந்த மான் படுத்திருக்கிறது என்று தடம் பார்த்துச் சொல்வது அவன் வேலை. மானைக் கண்டுபிடிக்கிறவன் மனிதனையும் கண்டுபிடிப்பான் என்று அரண்மனையில் யாருக்கோ தோன்றிய நாளிலிருந்து, தொலைந்த எருமையும் ஓடிப்போன கைதியும் அவன் தலையில்தான் விடிந்தன. மியாவ் அவனுக்கு உதவியாள். நாற்பது வேட்டை நாய்கள் கட்டிக்கிடக்கும் கொட்டடிக்கு அந்தப் பெயரோடு வேலை கேட்டு வந்தாள் என்பதே அவளுடைய துணிச்சலுக்குச் சான்று. வந்த ஆறு வருடங்களில் அவள் வாய் ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. இன்று காலை மட்டும் கொஞ்சம் சும்மா இருந்தது.

காரணம், அவளுடைய அக்கா பெய்.

மன்னருக்கு இருபது நாளாகப் பல்வலி. பல் வலித்தால் பல்லைப் பார்ப்பது மற்ற ஊர் வழக்கம். இங்கே செத்துப்போன எந்தத் தாத்தாவுக்குக் கோபம் என்று விசாரிப்பார்கள். விசாரித்ததில், பத்து நாள் வாரத்தில் கெங் நாளன்று பூசை பெறும் தாத்தாவின் சன்னதியிலிருந்த மூன்று கால் வெண்கலக் கிண்டியைக் காணவில்லை என்று தெரியவந்தது. உடனே ஆமை ஓட்டைச் சுட்டுக் கேட்டார்கள்: பெய் எடுத்தாளா, பெய் எடுக்கவில்லையா? ஓடு 'பொக்' என்று வெடித்து, எடுத்தாள் என்றது. அந்த ஓடுகளையெல்லாம் சுரண்டி, மெருகேற்றி, சுடுவதற்கு ஏற்ற குழிகளை வெட்டித் தருகிறவள் இந்தப் பெய்தான். இன்று மாலை, சூரியன் மேற்கு மதில்மேல் உட்காரும் நேரத்தில், புது மாளிகைக்கு நடுத்தூண் நடுகிறார்கள். தூணுக்கு அடியில் ஒரு குழி. குழிக்குள் பெய்.

"இந்தப் பரம்பரையைப் பத்தி என்ன சொல்ல?" என்றான் துவான், விட்ட இடத்திலிருந்து. "எலும்பு சொல்லிச்சுன்னு தலைநகரத்தையே மூட்டை கட்டித் தூக்கிட்டு வந்தவங்க. பத்து நாளுக்கு ஒருதரம் 'அடுத்த பத்து நாள்ல ஆபத்து உண்டா'ன்னு ஓட்டைச் சுடுறாங்க. ஒரு ஆமையாவது 'ஒண்ணும் வராது, போய்ப் படுங்கடா'ன்னு சொல்லியிருக்கா?"

"ராணிக்குப் பிள்ளை பொறக்கறதுக்குக்கூடச் சுடுவாங்க. பொண்ணு பொறந்தா 'நல்லதில்லை'ன்னு செதுக்கி வெச்சுடுவாங்க. எங்கம்மாவுக்கு ரெண்டு தடவை நல்லதில்லை." மியாவ் சிரிக்கவில்லை. "அதுல மூத்த நல்லதில்லையைத்தான் இப்பக் காப்பாத்தப் போறோம். நடங்க."

*

புது மாளிகையின் மேடையில் நூறு பேர் திமிசுக்கட்டையால் மண்ணை இடித்துக்கொண்டிருந்தார்கள். இடிக்கும்போது பாடினார்கள். பாட்டு சந்தோஷமான பாட்டு. குழியில் போகப்போவது அவர்கள் இல்லை என்பது நேற்றே தெரிந்துவிட்டது.

பெய்யை ஒரு மூங்கில் தட்டிக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். கூடவே மூன்று நாய்கள். துவானின் கொட்டடியிலிருந்து எழுதி வாங்கிப் போனவை. அவனைப் பார்த்ததும் மூன்றும் வாலை ஆட்டின.

"என் கத்தியைத் தொடைச்சு வெச்சாங்களாடி?" இதுதான் பெய் தங்கையிடம் முதலில் கேட்டது. "ஈரத்தோட விட்டா பாழாப் போயிடும்."

"அக்கா, உன்னைக் குழியில போடப் போறாங்க."

"தெரியும். அதுக்காகக் கத்தி பாழாகணுமா?"

துவான் குந்தி உட்கார்ந்தான். "கிண்டியைக் கடைசியா எப்பப் பாத்தே?"

"டிங் நாள். நான்தான் கழுவிக் கவுத்தேன். மூணு காலும் ஜம்முனு நின்னுது ஐயா. அப்பறம் பூசைக்கு ஆளுங்க வந்தாங்க, போனாங்க. நான் ஓட்டுக் கிடங்குக்கு வந்துட்டேன்."

"உன் மேல யாருக்காவது கோவம்?"

பெய் யோசித்தாள். "எழுத்து செதுக்கற கான். ரெண்டு தரம் பொண்ணு கேட்டு வந்தான். ரெண்டு தரமும் துரத்திட்டேன். மூணாவது தரம் வந்திருந்தா சரின்னிருப்பேன். வரல."

மியாவ் துவானைப் பார்த்தாள். துவான் மியாவைப் பார்த்தான். ஓட்டில் எழுத்து செதுக்குகிறவன், இரண்டு தடவை துரத்தப்பட்டவன். மான் தானாகவே புதரை விட்டு வெளியே வந்து நின்றது போலிருந்தது.

"இன்னொண்ணு," என்றான் துவான். "விரிசல் இந்தப் பக்கம்தான் போகணும்னு முன்னாலயே செய்ய முடியுமா?"

"குழியோட ஓரத்தை எந்தப் பக்கம் ஒல்லியாச் சுரண்டுறமோ அந்தப் பக்கம் போகும். இது ஒரு பெரிய ரகசியமா? கேட்டவங்களுக்கெல்லாம் சொல்லியிருக்கேன்."

"யார் யார் கேட்டா?"

அதற்குள் காவல்காரன் ஈட்டியைத் தரையில் தட்டினான். நேரம் முடிந்தது. பெய் தட்டிக்கு மேலாக எட்டிக் கத்தினாள்: "கத்திடீ!"

*

ரூய் குறி கேட்பவன். மன்னரின் கேள்வியை ஓட்டிடம் உரக்கக் கேட்டு, தூரிகையால் எழுதித் தருவது அவன் பதவி. துவானின் சிநேகிதன். சாதாரண சிநேகிதன் இல்லை. ஒரே ஆற்றில் நீந்தி, ஒரே பன்றியைத் திருடி, ஒரே பிரம்பால் அடி வாங்கியவர்கள். துவானுக்குத் தெரிந்த பதினேழு எழுத்துகளும் ரூய் கற்றுக்கொடுத்தவை. அதில் பாதி மிருகங்கள்.

"வாடா நாய்க்காரா!" ரூய் எழுந்து வந்து தோளைக் கட்டிக்கொண்டான். விரல் நுனியெல்லாம் மை. சுடவைத்த தினைக் கள்ளைக் கேட்காமலே ஊற்றினான். மியாவுக்கும் ஒரு கிண்ணம் நீட்டினான். "என்ன சொல்றதுன்னே தெரியலம்மா. நான் வெறும் வாய். கேட்டேன். தாத்தா சொல்லிட்டார்."

"தாத்தாவுக்கு என் அக்கா பேர் எப்படித் தெரியும்? அவர் செத்து ஏழு தலைமுறை ஆச்சே," என்றாள் மியாவ்.

"பெரியவங்களுக்கு எல்லாம் தெரியும்மா."

"பல்வலிக்கு மருந்து மட்டும் தெரியல."

ரூய் சிரித்துவிட்டான். அவன் சிரிப்பு எப்போதும் நல்ல சிரிப்பு.

"ஓட்டைச் சுடும்போது யார் யார் இருந்தாங்க?" என்று கேட்டான் துவான்.

"நான் மட்டும்தான். மன்னர் கன்னத்துல துணியைக் கட்டிக்கிட்டுப் படுத்திருந்தார். சுட்டு எடுத்துட்டுப் போய்க் காமிச்சேன்."

"அந்த ஓட்டைக் குடு."

ரூயின் புருவம் உயர்ந்தது. "நீயா? எலும்பா? என்னடா இது, மழை வரப்போகுது."

"குறி கேக்க இல்ல. மோந்து பாக்க."

ரூய் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. உள்ளே போய்த் துணியில் சுற்றிக்கொண்டு வந்தான். "பாத்துட்டுக் குடுத்துடு. சாயங்காலம் தூணுக்கிட்ட வெக்கணும்."

*

ஆற்றங்கரைக் கல்லில் துணியை விரித்து, ஓட்டை வெயிலில் வைத்தார்கள். உள்ளங்கை இரண்டு சேர்த்த அகலம். நடுவில் விரிசல். விரிசலின் இரு பக்கமும் செதுக்கிய எழுத்து. பெய் எடுத்தாள், நடுத்தூணுக்குக் கீழே பெய், கூடவே நாய் மூன்று.

துவானின் பார்வை ஓட்டின் கீழோரத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு அவசரமாக மேலே போனது. கீழோரத்தில் என்ன பார்த்தான் என்பதை அவன் மியாவிடம் சொல்லவில்லை. தனக்கும் சொல்லிக்கொள்ளவில்லை.

"என்ன தெரியுது?" என்றாள் மியாவ். "எனக்குத் தெரியறது ஒரு ஆமை. அதுவும் முழுசா இல்ல."

"மான் தடத்து மேல நாய்த்தடம் இருந்தா யார் முன்னாடி போனா?"

"மான். இதைக் கேக்கவா ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

"நாய்த்தடத்து மேல மான் தடம் இருந்தா?"

"நாய் முன்னாடி. அந்த நாயை வேலையை விட்டு அனுப்பணும்."

"இதைப் பாரு." அவன் நகத்தால் காட்டினான். விரிசல் மேலே ஏறும் வழியில் மூன்று எழுத்துகளைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போயிருந்தது. கத்தி வெட்டிய கோட்டின் விளிம்பு, விரிசல் கடந்த இடத்தில் பொடிந்திருந்தது. "முதல்ல விரிசல், அப்பறம் கத்தின்னா, கத்திதான் விரிசலை வெட்டியிருக்கும். இங்க விரிசல் கத்தியை வெட்டியிருக்கு."

மியாவ் குனிந்து பார்த்தாள். நிமிரும்போது அவள் முகம் மாறியிருந்தது.

"அப்போ எழுத்து முன்னாடி."

"ஆமா."

"சூடு பின்னாடி."

"ஆமா. கேள்வி கேக்கறதுக்கு முன்னாடியே பதிலைச் செதுக்கியாச்சு."

அவள் ஓட்டின்மேல் துணியை இழுத்து மூடினாள். "தாத்தாவுக்கு அவ்வளவு அவசரமா?" என்றாள்.

*

கானின் பட்டறை எலும்புத் தூளால் வெளுத்திருந்தது. கானும் வெளுத்திருந்தான். மியாவைப் பார்த்ததும் கையிலிருந்த கத்தி நழுவியது.

"பெய் எப்படி இருக்கா?"

"கத்தியைத் தொடைக்கலன்னு கவலைப்படறா."

"தொடைச்சு வெச்சுட்டேன்," என்றான் கான் வேகமாக. "முந்தாநாளே. எண்ணெய் கூடப் போட்டேன்."

இரண்டு தடவை துரத்தப்பட்ட கோபக்காரன் என்று நினைத்து வந்த இடத்தில் இப்படி ஒரு மனிதன் இருந்தது விசாரணைக்குப் பின்னடைவுதான். துவான் ஓட்டை நீட்டினான். "உன் கைதானே?"

கான் வாங்கிப் பார்த்தான். அவன் காது சிவந்தது. "என்னை ஏன்யா அவமானப்படுத்தறீங்க?"

"ஏன்?"

"விரிசலுக்குக் குறுக்க கத்தி வெக்கிறவன் நான் இல்ல. வெச்சா ஓடு ரெண்டாப் போயிடும். என் எழுத்து விரிசலைச் சுத்திக்கிட்டுத்தான் போகும். இது ஒண்ணு." தரையிலிருந்து வேறொரு எலும்பை எடுத்தான். "இதைப் பாருங்க. நான் செதுக்கறது."

மேலிருந்து கீழாகக் கோடுகள். குறுக்குக் கோடே இல்லை. மழை பெய்வது போலிருந்தது.

"முதல்ல நெட்டுக்கோடு அத்தனையும் இழுத்துடுவோம். அப்பறம் எலும்பைத் திருப்பிப் போட்டு, குறுக்குக்கோடு அத்தனையும். தொழில் தெரிஞ்சவன் அப்படித்தான் செய்வான். சில சமயம் ஒண்ணு ரெண்டு குறுக்குக்கோடு மறந்துகூடப் போயிடும். உங்க ஓட்டுல பாருங்க, ஒண்ணுகூட மறக்கல. ஒவ்வொரு எழுத்தா முடிச்சு முடிச்சுப் போயிருக்கான், தூரிகையால எழுதற மாதிரி. வளைவுல எல்லாம் கத்தி வழுக்கியிருக்கு. இவன் எழுதத் தெரிஞ்சவன். செதுக்கத் தெரியாதவன்."

"அதனாலதான் முன்னாடியே செதுக்கினானா?" என்றாள் மியாவ் மெல்ல. "வெடிச்ச ஓட்டுல கத்தி வெக்க பயந்துகிட்டு?"

"நானா இருந்தாலும் பயப்படுவேன், கை பழகலைன்னா." கான் ஓட்டைக் கண்ணருகே கொண்டுபோனான். திடீரென்று சிரித்தான். "நாயைப் பாத்தீங்களா! எழுத்துல நாய்க்கும் பன்னிக்கும் வால்தான் வித்தியாசம். பன்னி வால் கீழ தொங்கும், நாய் வால் மேல சுழியும். ஒரு சுழி. இவன் ரெண்டு சுழி போட்டிருக்கான். நாய் வாலை இப்படி எழுதறவன் எவன்யா?"

பட்டறையில் எலும்புத் தூள் வெயிலில் மிதந்துகொண்டிருந்தது.

"தெரியல," என்றான் துவான்.

மியாவ் அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஆறு வருடம் ஒருவனோடு தடம் பார்த்தவளுக்கு, அவன் எப்போது தடத்தை மிதித்து அழிக்கிறான் என்று தெரியாதா?

வெளியே வந்து இருபது அடி நடந்த பிறகு கேட்டாள். "யாரு?"

துவான் நடையை வேகமாக்கினான்.

"ஐயா. சூரியன் எங்க இருக்குன்னு பாத்தீங்களா?"

"எனக்கு எழுத்து சொல்லிக்குடுக்கும்போது," என்றான் துவான், சாலையைப் பார்த்தபடி, "நாய்க்கு ரெண்டு சுழி போட்டான். ஏன்டான்னேன். ஒண்ணு நாய்க்கு, ஒண்ணு உனக்குன்னான். அப்பலேருந்து அப்படித்தான் எழுதறான். வேட்டைக்கு எத்தனை நாய் வேணும்னு மூங்கில் பட்டையில எழுதி அனுப்பினாலும் ரெண்டு சுழிதான்."

"ஆத்தங்கரையிலயே பாத்துட்டீங்க."

"ஆமா."

"அப்பறம் எதுக்கு கான் வீடு?"

"கானா இருக்கட்டும்னு."

இதற்கு மியாவிடம் ஒரு நல்ல பதில் இருந்திருக்கும். அவள் அதைச் சொல்லாமல் நடந்தாள்.

*

ரூய் அதே இடத்தில், அதே கள் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். துவான் ஓட்டை அவன் முன்னால் வைத்து, நாயின் வாலில் விரலை வைத்தான்.

ரூய் பார்த்தான். முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது.

"பழக்கம்டா," என்றான். "கை தானாப் போட்டுடுச்சு."

"ஓட்டை ஏன் குடுத்தே?"

"நீ எலும்பைப் பாக்கவே மாட்டேன்னு ஊரே சொல்லிச் சிரிக்குதே. அதை நம்பித்தான் குடுத்தேன்."

"கிண்டி எங்க?"

"என் வீட்டுத் தினைக்குழியில. ஒரு கால் உடைஞ்சு போச்சு. பூசையில தாத்தாவுக்கு ஊத்துறதுல பாதியை எனக்கு ஊத்திக்கிட்டேன். கை நழுவிடுச்சு."

"ஒரு கால் உடைஞ்சதுக்கு என் அக்காவையே உடைக்கணுமா?" என்றாள் மியாவ்.

ரூய் அவள் பக்கம் திரும்பவில்லை. துவானையே பார்த்தான். "உடைச்சது நான். ஒத்துக்கறேன். ஆனா அவ பேரை எழுதினது எனக்காக இல்லடா. உனக்காக."

"என்ன உளர்றே?"

"மன்னர் கேக்கச் சொன்ன பேர் பெய் இல்ல. துவான். 'எலும்பை மதிக்காத நாய்க்காரன் ஒருத்தன் ஊருக்குள்ள திரியறான், தாத்தாவுக்கு அதான் கோவம், அவன்தான் எடுத்திருப்பான்'னார். 'துவான் எடுத்தான், துவான் எடுக்கவில்லை, இப்படிக் கேளு'ன்னார். சுட்டா எந்தப் பக்கம் வெடிக்கும்னு யாருக்குத் தெரியும்? உன் பேரை வெச்சு நெருப்பை நீட்ட எனக்குக் கை வரல. வேற பேரை எழுதினேன். காமிச்சப்ப அவர் வலியில கண்ணையே திறக்கல. பக்கம் மாறி வெடிச்சுடக் கூடாதுன்னு குழியை ஒரு பக்கமாச் சுரண்டினேன்."

"அதை யார்கிட்டக் கத்துக்கிட்டே?"

ரூய் தலையைக் குனிந்தான். "பெய்கிட்டதான்."

சட்டிக்குப் பக்கத்தில் அப்படியே இருந்த கிண்ணத்தை மியாவ் தள்ளி வைத்தாள். காலையில் ஊற்றிய கள் அது. அவள் குடித்திருக்கவில்லை.

"ஏன் அவ?" என்றான் துவான். "ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. ஏன் அவ?"

"நீதானேடா சொன்னே. போன வாரம், இதே இடத்துல, குடிக்கும்போது. 'பாவம்டா அந்த அக்கா தங்கச்சி, அப்பன் இல்ல ஆத்தா இல்ல, செத்தாக்கூடக் கேக்க நாதியில்ல'ன்னு."

அதைச் சொன்னது துவானுக்கு நினைவிருந்தது. அன்று இரக்கப்பட்டுச் சொன்னான். இரண்டாவது கிண்ணத்துக்கும் மூன்றாவது கிண்ணத்துக்கும் நடுவில். இப்போது மியாவ் தன்னைப் பார்ப்பது தெரிந்தது; திரும்பவில்லை.

"மன்னர் என் பேரைச் சொன்னப்ப யார் இருந்தா?"

"நான், அவர், அவரோட பல்லு."

"நீ சொல்றது நிஜம்னு நான் எப்படி நம்பறது?"

"போய் அவரையே கேளு."

மன்னரிடம் போய், நீங்கள் என்னைக் கொல்ல நினைத்தீர்களா என்று கேட்டவர்கள் உண்டு. திரும்பி வந்து பதில் சொன்னவர்கள் இல்லை.

ரூய் முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்தினான். "ஓட்டை ஆத்துல போட்டுடு. இன்னொரு ஓடு சுடறேன். பெய்யை விட்டுடலாம். மேக்கத்திக் கைதிங்க நூறு பேர் காவல் கொட்டடியில கெடக்கறாங்க, ஒருத்தன் பேரைப் போட்டா யார் கேக்கப் போறா? நாம பாத்துக்கலாம்டா. எப்பவும் மாதிரி."

ரூயின் முகம் ஒரே பன்றியைத் திருடிய பையனின் முகமாகவே இருந்தது. அதில் பொய்யைத் தேடினால் பொய் தெரிந்தது. உண்மையைத் தேடினால் உண்மை தெரிந்தது. காட்டில் இருபது வருடம் தடம் பார்த்தவனுக்கு ஒரு முகத்தில் தடம் பார்க்கத் தெரியவில்லை.

துவான் ஓட்டைத் துணியில் சுற்றினான். "மியாவ், தினைக்குழியில போய்க் கிண்டியை எடுத்துட்டு வா," என்றான்.

அவள் ஏற்கெனவே போய்விட்டிருந்தாள்.

*

தூண் நடுவதை நடத்துகிற கால்கோள் அதிகாரி குண்டானவர். கையில் அளவுக் கயிறு. சூரியன் மதிலைத் தொட இன்னும் ஒரு முழம்தான் இருந்தது. அவருடைய கவலை முழுக்க அந்த ஒரு முழத்தில் இருந்தது.

"சீக்கிரம் சொல்லு. குழிக்கு ஒரு பேர் வேணும். அவ்வளவுதான் எனக்கு."

துவான் ஓட்டைக் காட்டி, விரிசல் எழுத்தைக் கிழித்த இடத்தைச் சொன்னான். ரூய் வீட்டுத் தினைக்குழியில் கிடந்தது என்று சொல்லி, மியாவ் இரண்டே கால் உள்ள கிண்டியைத் தரையில் வைத்தாள். அது நிற்காமல் சாய்ந்தது. கான் மூச்சிரைக்க வந்து, குறுக்குக்கோடு பற்றி யாரும் கேட்காததையெல்லாம் சொன்னான். அதிகாரி கிண்டியைப் பார்த்தார், ஓட்டைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார்.

"அப்போ ரூய்," என்றார்.

"மன்னரைக் கேக்க வேண்டாமா?" என்றான் துவான். தன் குரலில் இருந்தது நம்பிக்கையா பயமா என்று அவனுக்கே தெரியவில்லை.

"அவருக்குப் பல்வலி. நாளைக்குச் சொல்லிக்கலாம்."

"நாய் மூணு... அது பொய் ஓட்டுல எழுதினதுதானே. அதையாவது விட்டுடலாமே."

"எழுதினது எழுதினதுதான். நீ வேற."

பெய் தட்டியைத் தாண்டி வெளியே வந்தாள். தங்கையைக் கட்டிப்பிடிக்கவில்லை, அவள் தலையில் ஒட்டியிருந்த தினை உமியைத் தட்டிவிட்டாள். கான் துணியைப் பிரித்து அவளுடைய கத்தியை நீட்டினான். பெய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எண்ணெய் அதிகம்," என்றாள். ஆனால் கத்தியை வாங்கிய கையை அவன் கையிலிருந்து எடுக்கவில்லை.

ரூயைக் கூட்டிவந்தபோது அவன் ஓடவில்லை, கத்தவில்லை. துவானைக் கடந்து போகும்போது ஏதாவது சொல்வான் என்று துவான் காத்திருந்தான். ஒரு வசவு போதும். வசவில் எல்லாம் தெரிந்துவிடும். ரூய் அவன் தோளை ஒரு தடவை தட்டிவிட்டுப் போனான். மை விரல் அடையாளம் துணியில் பதிந்தது. தான் காப்பாற்றியவனைத் தட்டிக்கொடுத்தானா, கடைசிவரை நடிப்பதாக முடிவு செய்துவிட்டானா?

திமிசுக்காரர்கள் பாட ஆரம்பித்தார்கள். அதே சந்தோஷமான பாட்டு.

துவான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அக்காவும் கானும் முன்னால் போக, மியாவ் கடைசியாக நடந்துகொண்டிருந்தாள். அவளிடம் போனான்.

"நாளைக்கு வருவியா?"

"அவர் சொன்னது நிஜமா, ஐயா?"

"தெரியல."

"நிஜம்னா, என் அக்கா உங்களுக்குப் பதிலாத்தான் அந்தத் தட்டிக்குப் பின்னால உக்காந்திருந்தா. பொய்ன்னா, நீங்க குடிச்சுட்டு உளறினதுக்காக உக்காந்திருந்தா." அவள் யோசித்தாள். "நாளைக்கு வருவேனான்னு தெரியல."

அதில் ஒரு கேலியும் இல்லை. ஆறு வருடத்தில் முதல் தடவை. துவான் ஏதாவது ஒரு குத்தல் வராதா என்று நின்றான். அவள் அக்காவை எட்டிப் பிடிக்கப் போய்விட்டாள்.

*

கொட்டடிக்குத் திரும்பும்போது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. நாய்கள் குரைத்தன. அவன் யாருக்கும் சோறு வைக்கவில்லை. மதிலோரத்தில் ஒரு கிழட்டு நாய் காளையின் தோள்பட்டை எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது. துவான் அதன் முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு எலும்பை அதன் வாயிலிருந்து பிடுங்கினான். நாய் உறுமவில்லை, ஆச்சரியப்பட்டது.

எலும்பைச் சட்டையில் துடைத்தான். வாசல் பக்கம் திரும்பி யாரும் வருகிறார்களா என்று பார்த்தான். கதவைச் சாத்திவிட்டு வந்தான். இடுப்புக் கத்தியை எடுத்து, எலும்பின் முதுகில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழி வெட்டினான். கோணலாகத்தான் வந்தது. அடுப்பிலிருந்து கனலும் குச்சி ஒன்றை உருவினான்.

நாய்கள் சங்கிலி எட்டிய தூரம் வந்து, சுற்றி உட்கார்ந்து, நாக்கைத் தொங்கவிட்டுப் பார்த்தன.

"ரூய் நிஜம் சொன்னான்," என்றான் துவான், தனக்கே கேட்காத குரலில். குச்சியை முதல் குழியில் வைத்தான்.

புகை வந்தது. ஒட்டியிருந்த இறைச்சி கருகியது.

குச்சியை இரண்டாவது குழிக்கு மாற்றினான். "ரூய் நிஜம் சொல்லலை."

எலும்பு வெடிக்கவில்லை. துவான் இன்னும் குனிந்து, கன்னம் சுடும் அளவுக்குக் காதை அதன் பக்கத்தில் கொண்டுபோய், மெதுவாக ஊதினான்.